முதல் கிழமையிலேயே ஒரு முழு வேலை கொடுங்கள்: யாழ்ப்பாணத்து வேலைத்தள முதலாளிமாருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய முதலாளிமாருக்கும், போர்மன்மாருக்கும், பயிலுநர்களை வைத்து வேலை பழக்குகிற அண்ணைமார், அக்காமார் எல்லாருக்கும் வணக்கம்.

நான் சுன்னாகம் பக்கத்தில் மோட்டர் வைண்டிங், அதாவது எரிந்த மோட்டருக்குப் புதுக் கம்பி சுற்றுகிற வேலை செய்கிறவன். இருபத்தைந்து வருடத்துக்கு மேலாக இதுதான் என் தொழில். உங்களில் சிலரிடம் நான் கம்பி கடன் வாங்கியிருக்கிறேன். சிலர் என்னிடம் மெகர் (கம்பியின் இன்சுலேசனைச் சோதிக்கிற மீற்றர்) இரவல் வாங்கியிருக்கிறீர்கள். போன மாதம், பயிற்சிக்குப் பிள்ளைகளை எங்களிடம் அனுப்புவது பற்றி ஒரு கூட்டம் நடந்தது. ஒருவர் மாறி ஒருவர் எழும்பிச் சொன்னது ஒரே விசயம்தான்: "இப்பத்தைய பெடியள் ஒண்டுக்கும் ஏலாதவங்கள். ரெண்டு மாதம் நிண்டிட்டு ஓடிடுறாங்கள்." நானும் அங்கே இருந்தேன். தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகு மனம் ஆறவில்லை. அன்றைக்கு எழும்பிச் சொல்லியிருக்க வேண்டியதை இப்போது எழுதுகிறேன்.

எங்கள் ஊரில் ஒருவருக்குச் சுகமில்லை என்றால் "அவருக்கு ஏலாது" என்போம். ஒருவருக்கு ஒரு வேலை வராது என்றாலும் அதே சொல்தான். இந்த இரண்டும் ஒரே சொல்லாக இருப்பதில் ஒரு உண்மை இருக்கிறது என்று எனக்குப் படுகிறது. ஒரு பிள்ளையைப் பார்த்து "உனக்கு ஏலாது" என்று நாலு தரம் சொன்னால், ஐந்தாம் தரம் அது வருத்தம் மாதிரி அந்தப் பிள்ளையின் கையில் பிடித்துவிடும். அது என்னைப் பிடித்த கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

1999இல், பத்தொன்பது வயதில், ஒரு வைண்டிங் கடையில் சேர்ந்தேன். எட்டு மாதம் எரிந்த மோட்டர்களைக் கழற்றினேன், கருகிய கம்பியை வெட்டி இழுத்தேன், கம்பிச் சுருள் இருக்கிற ஸ்லொட்டுகளை, அதாவது பள்ளங்களைச் சுரண்டித் துப்புரவாக்கினேன். மற்றப்படி தேத்தண்ணி வாங்குவது, கூட்டுவது, மத்தியானச் சாப்பாடு எடுத்து வருவது. ஒருநாள் அவசர வேலை ஒன்று வந்தது. முதல்முறையாக என்னைக் கனெக்சன் கொடுக்க, அதாவது சுருள்களின் முனைகளை இணைக்கச் சொன்னார்கள். ஒரு சுருளின் தொடக்கத்தையும் முடிவையும் மாற்றிக் கட்டிவிட்டேன். மோட்டர் உறுமியதே தவிரச் சுழலவில்லை. மோட்டருக்குச் சொந்தக்காரரான தோட்டக்காரர் பக்கத்தில் நிற்க, முதலாளி சொன்னார்: "உனக்கு உது சரிவராது. நீ கடைசிமட்டும் கம்பி உரிக்கத்தான் லாயக்கு."

அதற்குப் பிறகு என் கைக்கு நடந்ததைத் தொழில் தெரிந்த உங்களுக்குச் சொன்னால் உடனே விளங்கும். எண்ணிக்கை பிழைக்கத் தொடங்கியது. 60 சுற்று சுற்ற வேண்டிய இடத்தில் 40க்கு வரும்போது, 39ஆ 40ஆ என்று சந்தேகம் வரும். அவிழ்ப்பேன், திரும்பச் சுற்றுவேன், இன்னும் ஒருதரம் அவிழ்ப்பேன். அவிழ்த்து அவிழ்த்துச் சுற்றினால் கம்பியின் எனாமல் கீறுப்படும். கீறுப்பட்ட கம்பி ஸ்லொட்டுக்குள் போனால் ஷோர்ட் ஆகும். ஷோர்ட் ஆன மோட்டரைத் தூக்கிக் காட்டி, "பாத்தியோ, நான் சொன்னன்" என்பார் முதலாளி. அவர் சொன்னதை நானே என் கையால் நிரூபித்துக்கொண்டிருந்தேன். இடையில் அந்தக் கடையை விட்டு ஓடிவிட்டேன். இன்றைக்கு "பெடியள் ஓடிடுறாங்கள்" என்று யாராவது சொல்லும்போது, ஓடினவர்களில் ஒருவன் நான் என்பது நினைவுக்கு வரும்.

பிறகு இணுவிலில் ஒரு மாஸ்டரிடம் போனேன். மூன்றாம் நாள் ஒரு சீலிங் பேனைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். "இது உன்ர வேலை. கழற்றுறதில இருந்து பூட்டுறது மட்டும் நீதான். நான் அந்தப் பக்கம் இருப்பன். கேட்டால் சொல்லுவன், கேளாட்டில் வரமாட்டன். எரிஞ்சால் கம்பிக் காசு என்ர கணக்கு." பேனின் ஸ்ரேற்றரில், அதாவது சுழலாமல் நிற்கிற பகுதியில், உள்வளையம் ஒன்று, வெளிவளையம் ஒன்று, இரண்டிலும் சின்னச் சின்னச் சுருள்கள். இரண்டரை நாள் எடுத்தேன். மாஸ்டர் ஒரு நாளில் மூன்று செய்வார். தூக்கி மாட்டிச் சுவிட்சைப் போட்டேன். சுழன்றது! ஆனால் காற்று வரவில்லை. மாஸ்டர் கீழே வந்து நின்று அண்ணாந்து பார்த்தார். "காத்து மேல போகுது. ஏன்?" என்று கேட்டுவிட்டுத் திரும்பித் தன் வேலைக்குப் போய்விட்டார்.

அந்த "ஏன்" என்ற ஒரு சொல்லை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். நீ பிழை விட்டிட்டாய் என்று அவர் சொல்லவில்லை. பேன் மறுபக்கம் சுழல்கிறது, காரணத்தைக் கண்டுபிடிக்க உன்னால் ஏலும் என்று அந்த ஒரு கேள்வியில் சொல்லிவிட்டார். அரை மணித்தியாலம் யோசித்தேன். ஒரு வைண்டிங்கின் இரண்டு முனைகளையும் மாற்றிக் கொடுத்தேன். காற்று முகத்தில் அடித்தது. அன்றைக்குப் பிறகு என் எண்ணிக்கை பிழைத்தது குறைவு.

பல வருடம் கழித்து, பயிற்றுநர்களுக்கான வகுப்பு ஒன்றில் இதற்குச் சுயதிறன் நம்பிக்கை (self-efficacy) என்று ஒரு பெயர் இருக்கிறது என்று அறிந்தேன். அல்பேர்ட் பண்டூரா என்ற உளவியலாளர் 1977இல் எழுதிய ஒரு கட்டுரையில் இதை விளக்கியிருக்கிறார். அவர் கனடாவில் அல்பேர்ட்டா மாகாணத்தில் மண்டேர் என்ற சின்ன ஊரில் பிறந்தவர். அவர் படித்த பள்ளிக்கூடத்தில் உயர்வகுப்புகளுக்கு இரண்டே இரண்டு ஆசிரியர்கள், அதனால் பிள்ளைகள் பெரும்பாலும் தாங்களே தேடிப் படிக்க வேண்டியிருந்ததாம். குறிப்பிட்ட ஒரு வேலையைச் செய்து முடிக்க என்னால் முடியும் என்று ஒருவர் தன்னைப் பற்றி வைத்திருக்கும் நம்பிக்கையைத்தான் அவர் ஆராய்ந்தார். "நான் பெரிய ஆள்" என்ற பொதுவான பெருமை வேறு. இது இந்தப் பேனை என்னால் சுற்ற ஏலும், இந்தக் கணக்கை என்னால் முடிக்க ஏலும் என்ற மாதிரி ஒரு வேலையோடு ஒட்டினது.

அந்த நம்பிக்கை வருகிற வழி நாலு என்கிறார் பண்டூரா. தானே செய்து முடித்த அனுபவம். தன்னைப் போன்ற இன்னொருவர் செய்து முடிப்பதைக் கண்ணால் பார்ப்பது. மதிக்கிற ஒருவர் "உன்னால ஏலும்" என்று சொல்வது. உடம்பும் மனமும் பதற்றமில்லாமல் இருப்பது. நாலிலும் பலமானது முதலாவது என்கிறார். நாங்களோ பிள்ளைகளுக்கு அதை மட்டும் கொடுக்காமல் வைத்திருக்கிறோம். எட்டு மாதம் கம்பி உரித்தவனுக்குச் செய்து முடித்த வேலை என்று சொல்ல எது இருக்கிறது? வெறும் வாயால் "தன்னம்பிக்கையோட இரு தம்பி" என்று மேடையில் பேசுவது மூன்றாவது வழியில் ஒரு சின்னப் பங்கு, அவ்வளவுதான்.

சரி, நம்பிக்கை இருந்தால் வேலைத்தளத்துக்கு என்ன லாபம் என்று கேட்பீர்கள். அதற்கு என் வேலைத்தளத்தில் நடந்ததைச் சொல்கிறேன்.

2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் ஒரு லீற்றர் 87 ரூபாயில் இருந்து 340 ரூபாய்க்குப் போனது உங்களுக்கு மறந்திருக்காது. மண்ணெண்ணெய்ப் பம்பு வைத்திருந்த தோட்டக்காரர் பலர் கரண்ட் மோட்டருக்கு மாறினார்கள். புது மோட்டர் வாங்கக் காசில்லாததால் பழசைத் தேடிப் பிடித்தார்கள். எங்களுக்கு வேலை மலைபோலக் குவிந்தது. அந்த நேரம்தான் ஒரு பிள்ளை பயிற்சிக்கு வந்தார். என்.வி.கியூ. என்கிற தேசிய தொழிற்தகைமையில் நான்காம் தரம் முடித்தவர், இருபத்தொரு வயது. "பெட்டையளுக்கு உந்த வேலை பாரம்" என்று என் ஆட்களே என் காதுபடச் சொன்னார்கள். நான் மறுத்துச் சொல்லவில்லை. அது என் பிழை, இந்த மடலில் அதையும் எழுதத்தான் வேண்டும்.

புன்னாலைக்கட்டுவன் பக்கத்து வெங்காயத் தோட்டக்காரர் ஒருவரின் ஒரு குதிரைவலு மோட்டர் நாலு மாதத்தில் மூன்றாம் தரம் எரிந்து வந்தது. எங்கள் ஆட்கள் வழக்கமாகச் சொல்வதைச் சொன்னார்கள்: ஆள் தண்ணியில்லாத கிணற்றில் ஓட விட்டிருப்பார், இல்லாவிட்டால் நாங்கள் போன தரம் சுற்றினது சரியில்லை. கழற்றினது அந்தப் பிள்ளை. இந்த மோட்டரில் இரண்டு வைண்டிங் இருக்கும்: சுழற்சியைத் தொடக்கிவிட ஸ்ராட்டிங் வைண்டிங், தொடர்ந்து ஓட ரண்ணிங் வைண்டிங். கழற்றி வைத்துவிட்டு நேரே என்னிடம் வந்தார்.

"அண்ணை, ரண்ணிங் வைண்டிங் புதுசு மாதிரி இருக்கு. ஸ்ராட்டிங் வைண்டிங் மட்டும்தான் கருகியிருக்கு. போன ரெண்டு தரமும் அப்பிடித்தான் எண்டு கொப்பியில இருக்கு. பிழை மோட்டரில இல்லை, அங்க கிணத்தடியில இருக்கு. நான் போய்ப் பாத்திட்டு வரட்டோ?"

"அது எங்கட வேலை இல்லைப் பிள்ளை" என்றேன்.

"ஒரு மணித்தியாலம் அண்ணை."

அவர் நின்ற நிலையை இப்போதும் நினைத்துப் பார்க்கிறேன். சேர்ந்து இரண்டு மாதமாகவில்லை. அந்த இடத்தில் அவரை விட அனுபவம் கூடினவர்கள் நாலு பேர் நின்றோம். குரல் உயரவில்லை, கெஞ்சவும் இல்லை. தான் கண்டதைத் தான் நம்பினார், அவ்வளவுதான். மல்ரிமீற்றரை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு ஸ்கூட்டியில் போனார்.

போய்ப் பார்த்தால், வீட்டில் இருந்து கிணற்றடிக்கு நூறு மீற்றருக்கு மேல். வீட்டுக்குள் லைட் போடுகிற மெல்லிய வயரை மரத்துக்கு மரம் கட்டி இழுத்திருக்கிறார்கள். வீட்டு மீற்றரடியில் 225 வோல்ட். கிணற்றடியில் மோட்டர் ஸ்ராட் எடுக்கிற நேரம் அளந்தால் 150. ஸ்ராட் எடுக்கும்போது மோட்டர் பல மடங்கு கரண்ட் இழுக்கும், மெல்லிய வயர் அந்த வோல்டேஜை வழியிலேயே தின்றுவிடும். வேகம் பிடித்ததும் ஸ்ராட்டிங் வைண்டிங்கின் கரண்டை வெட்டிவிட உள்ளே சென்ட்ரிபியூகல் சுவிட்ச் ஒன்று இருக்கும்; வேகம் பிடிக்காததால் அது விடுபடாது. ஒரு சில செக்கன் மட்டும் வேலை செய்ய வேண்டிய ஸ்ராட்டிங் வைண்டிங் விடாமல் கரண்டில் நிற்கும். நின்றால் எரியத்தானே செய்யும்! தடித்த வயர் போடச் சொல்லிவிட்டு வந்தார். தோட்டக்காரர் போட்டார். அந்த மோட்டர் திரும்பி எங்களிடம் வரவில்லை.

திரும்பி வந்தால் எங்களுக்கு ஒவ்வொரு தரமும் காசுதானே என்று நினைக்கிற முதலாளி யாராவது இருந்தால், அவருக்கு நான் எழுதவில்லை.

அந்தப் பிள்ளை போய் வந்ததால் ஒரு மோட்டர் தப்பியது சின்ன விசயம். அடுத்த கிழமை என் ஆட்களில் மூத்தவர், வாடிக்கையாளர்களோடு ஒரு சொல் கூடப் பேசாத மனிதர், மோட்டர் கொண்டுவந்த ஒருவரிடம் தானாகவே "வயர் எவ்வளவு நீளம்? என்ன தடிப்பு?" என்று கேட்டார். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். பதினைந்து வருடம் என்னோடு வேலை செய்தவர், அந்தக் கேள்வியை முதல்தரம் கேட்கிறார். பிறகு மற்றவர்களும் கேட்கத் தொடங்கினார்கள். இப்போது எங்கள் கொப்பியில் வயரின் நீளத்துக்கும் எரிந்த வைண்டிங்குக்கும் தனித்தனி நிரல் இருக்கிறது. பண்டூரா சொன்ன இரண்டாவது வழி இதுதான் என்று பிறகு யோசித்தேன். தன் பக்கத்து மேசையில் இருக்கிற ஒருவர் செய்து காட்டினதும், மற்றவருக்கும் "என்னாலயும் ஏலும்" என்று வருகிறது.

இந்தத் துணிவு எங்கே இருந்து வந்தது என்று ஒருநாள் அவரிடம் கேட்டேன். தகப்பன் இல்லாத வீடு. கிணற்று மோட்டர் பழுதானால் ஆளைக் கூப்பிடக் காசில்லை. பதினாலு வயதில், தாய் ரோச் லைட் பிடிக்க, தானே கழற்றிக் கெப்பாசிட்டர் மாற்றிப் பூட்டியிருக்கிறார். "அண்டைக்குத் தண்ணி வந்தது அண்ணை, அதுக்குப் பிறகு எனக்குப் பயமில்லை" என்றார். அந்த வீட்டில் முதல் கிழமை, இரண்டாம் கிழமை என்று காத்திருக்க வழியிருக்கவில்லை. முழு வேலையும் அவர் கையில்தான் விழுந்தது.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். நம்பிக்கை மட்டும் போதாது. 1998இல் ஸ்ராய்கோவிச், லூதன்ஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் வேலையும் இந்த நம்பிக்கையும் பற்றிய 114 ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். நம்பிக்கை கூடினவர்கள் வேலையையும் நன்றாகச் செய்கிறார்கள் என்பது தெளிவாகத் தெரிந்தது. ஆனால் வேலை சிக்கலாகச் சிக்கலாக அந்தத் தொடர்பு பலம் குறைந்து போனது. எனக்கு இது நூற்றுக்கு நூறு சரி என்று படுகிறது. மூன்று பேஸ் மோட்டரை "ஏலும்" என்று சொல்லிக்கொண்டு மட்டும் சுற்ற முடியாது. பக்கத்தில் இருந்து காட்டிக் கொடுக்க ஆள் வேண்டும், அளக்கச் சாமான் வேண்டும், யோசிக்க நேரம் வேண்டும். அதனால்தான் இந்த மடலைப் பிள்ளைகளுக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன்.

உங்களில் பலர் என்னைவிட மூத்தவர்கள். 1990க்குப் பிறகு, போர்க்காலத்தில், இங்கே கரண்ட் இல்லை, பெற்றோல் இல்லை, பற்றரி கூடத் தடை. அந்த நேரம் நான் சின்னப் பெடியன். என் மாமாவின் கராஜில் நின்று பார்த்திருக்கிறேன். மோட்டார் சைக்கிளுக்கு நாலு துளி பெற்றோல் விட்டு உதைத்து, பிடித்ததும் மண்ணெண்ணெயில் ஓட விடுவார்கள். வீட்டில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோ கரண்டில் பி.பி.சி. தமிழோசை கேட்போம். எந்தப் பொறியியல் புத்தகமும் உங்களுக்கு அதைக் காட்டித் தரவில்லை. ஒருவர் செய்து பார்த்தார், ஓடியது, அடுத்த ஒழுங்கைக்காரர் அதைப் பார்த்துத் தானும் செய்தார். அப்போது உங்களுக்கு இருபது, இருபத்திரண்டு வயது இருக்கும். சான்றிதழ் இருக்கவில்லை. பிழைத்தால் திட்டவும் ஒருவரும் இருக்கவில்லை, ஏனென்றால் அதை முன்னே செய்து தெரிந்தவர் என்று ஒருவருமே இருக்கவில்லை. உங்கள் கைகளில் "ஏலும்" என்பது அப்படித்தான் ஊறியது. அதே கைகள்தான் இன்றைக்கு ஒரு பிள்ளையின் கையில் இருந்து ஸ்பனரைப் பறிக்கின்றன. எனக்கு அதுதான் தாங்க முடியாமல் இருக்கிறது.

"கோர்ஸ் எல்லாம் இங்கிலிசில, பெடியளுக்கு விளங்குதில்லை" என்றும் கூட்டத்தில் ஒருவர் சொன்னார். மானிப்பாய்க்கு வந்த அமெரிக்க வைத்தியர் சாமுவேல் கிறீன் 1848இல் அங்கே மருத்துவ வகுப்புத் தொடங்கினார். பிறகு மேலைநாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே படிப்பிக்க ஏலும் என்று நம்பி, மருத்துவ நூல்களைத் தமிழில் கொண்டுவந்தார். உடற்கூற்றைத் தமிழில் சொல்லிக் கொடுக்க ஏலுமென்றால், ஒரு கனெக்சன் வரைபடத்தை எங்களால் சொல்லிக் கொடுக்க ஏலாதா?

நான் கேட்பது பெரிய காசுச் செலவு இல்லை. சேர்ந்த முதல் கிழமையிலேயே ஒரு சின்ன வேலையை முழுதாகக் கொடுங்கள். பேன், மிக்சி, சைக்கிள் வீல், ஒரு கதிரைக் கால், ஒரு சட்டைக் கொலர், உங்கள் தொழிலில் எது சின்னதோ அது. தொடக்கத்தில் இருந்து முடிவு மட்டும் அது அந்தப் பிள்ளையின் வேலையாக இருக்கட்டும். செப்புக் கம்பி விலை எனக்கும் தெரியும். ஒரு பேன் எரிந்தால் போகிற காசையும், பழகின ஆள் ஓடிப்போய்ப் புது ஆளுக்கு முதலில் இருந்து பழக்குகிற காசையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள்.

பிழை வந்தால் வாடிக்கையாளர் போகட்டும். பிறகு மோட்டருக்குப் பக்கத்தில் கூப்பிட்டு, மோட்டரைப் பற்றிப் பேசுங்கள். பிள்ளையின் குடும்பத்தையும், படிப்பையும், "இந்தக் காலத்துப் பெடியளையும்" அதற்குள் கொண்டுவர வேண்டாம். பயிற்சி நாட்குறிப்பு என்று ஒன்று கொண்டுவந்து நீட்டுவார்கள், நாங்கள் பார்க்காமலே கையெழுத்து வைப்போம். அதில் ஒரு வரி எழுதுங்கள். "இன்று தனியாகக் கனெக்சன் கொடுத்தார், சரியாக இருந்தது" என்று எழுதினால் அந்தப் பக்கத்தை அந்தப் பிள்ளை வீட்டில் எத்தனை பேருக்குக் காட்டும் என்று உங்களுக்குத் தெரியாது. என் நாட்குறிப்பில் அப்படி ஒரு வரிகூட இருக்கவில்லை, அதனால் எனக்குத் தெரியும்.

இன்னொன்று, பெண்பிள்ளைகளைக் கணக்கு எழுதவும் போன் எடுக்கவும் மட்டும் இருத்தாதீர்கள். பாரம் தூக்க வேண்டிய இடத்தில் ஆண்களுக்கும் செயின் புளொக் தேவைப்படுகிறது.

எங்கள் வேலைத்தளத்தில் முடிந்த மோட்டருக்கு ஒரு சின்ன அட்டை கட்டுவோம். முன்பு அதில் வாடிக்கையாளர் பெயர், திகதி, தொகை மட்டும்தான். போன வருடத்தில் இருந்து நாலாவதாக ஒரு வரி சேர்த்திருக்கிறோம்: சுற்றினவர் பெயர். மூத்தவர் தொடக்கத்தில் "உது ஏன் எங்களுக்கு" என்றார். இப்போது தன் பெயரைத் தானே வடிவான எழுத்தில் எழுதுகிறார்.

வருகிற திங்கட்கிழமை புதிதாக இரண்டு பேர் பயிற்சிக்கு வருகிறார்கள். ஒருவர் உடுவில், மற்றவர் ஏழாலை. இரண்டு பழைய சீலிங் பேனை இப்போதே துடைத்து மேசையில் வைத்திருக்கிறேன், பக்கத்தில் ஒரு றோல் கம்பி, இன்சுலேசன் பேப்பர், இரண்டு அட்டை. நாலாவது வரி இன்னும் எழுதவில்லை. விருப்பமானவர்கள் வந்து ஒரு நாள் நின்று பாருங்கள், தேத்தண்ணி நானே போட்டுத் தருகிறேன்.

இப்படிக்கு,
சுன்னாகத்தில் இருந்து ஒரு மோட்டர் வைண்டிங் தொழிலாளி